பழைய ஹெட்செட், புது விமானம்

விமானிகள் காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட் பழசாகிவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், பழுது பார்த்துப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லும் கட்சி ஒன்று உண்டு. "உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் சிக்கனம் பார்க்கலாமா சார்?" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அந்தக் கட்சி இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். விமான ரேடியோக்களோடு என் பாதி ஆயுள் கழிந்தது என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்கள், கிழவருக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்தாலும் பரவாயில்லை. முழுக்கப் படித்துவிட்டு நினையுங்கள்.

இந்தப் பேச்சு இப்போது வரக் காரணம் எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் பையன். பைலட் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். இந்தப் படிப்புக்கு ஆகும் செலவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவன் அப்பா வங்கியில் கடன் வாங்கியது போக ஊரில் இருந்த கொஞ்சம் நிலத்தையும் விற்றுவிட்டார். இந்த நிலையில் அமெரிக்காவில் இருக்கும் அவனுடைய பெரியப்பா, 80களில் அங்கே பொழுதுபோக்காகச் சின்ன விமானம் ஓட்டியவர், தன்னுடைய பழைய ஹெட்செட்டை அனுப்பிவைத்தார். பச்சை நிறக் கிண்ணங்கள், மேலே எஃகுப் பட்டை, கனமான சாதனம். பயிற்சிப் பள்ளியில் அதைப் பார்த்துவிட்டுக் கூட இருந்த பையன்கள் சிரித்தார்களாம். இன்ஸ்ட்ரக்டர் சிரிக்கவில்லை, புதிது வாங்கிவிடு என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இரைச்சலை மின்னணு முறையில் அடக்கும் புது வகை ஹெட்செட்டில் உயர்ந்த ரகம் லட்சம் ரூபாய்க்கு மேல் போகிறது. அவன் அப்பா அந்தப் பச்சைப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்து, "சார், இது தேறுமான்னு பாருங்க" என்றார்.

தேறும் என்று பிரித்துப் பார்க்காமலே எனக்குத் தெரியும். காரணம் இதுதான். விமானத்தில் எதை எதையோ மாற்றிவிட்டார்கள். அந்தப் பையன் ஓட்டும் செஸ்னாவில் முள் ஆடும் கடிகாரங்களுக்குப் பதில் இரண்டு பெரிய திரைகள் இருக்கின்றன. ஆனால் ஹெட்செட்டைச் செருகும் ஓட்டை மட்டும் மாறவில்லை. காதுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என்று இரண்டு ப்ளக். காதுக்கானது 6.35 மி.மீ. தடிமன், மைக்குக்கானது அதைவிடச் சற்று ஒல்லி, 5.23 மி.மீ. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவ ரேடியோக்களில் பி.எல்-55, பி.எல்-68 என்ற பெயரில் இருந்தவைதான் இன்றைக்கும் பி.ஜே-055, பி.ஜே-068 என்ற பெயரில் கிளாஸ் காக்பிட்டில் உட்கார்ந்திருக்கின்றன.

அளவு மட்டும் இல்லை, உள்ளே ஓடும் மின்சாரமும் பழைய கணக்குதான். அந்தக் காலத்தில் இருந்தது கார்பன் மைக். வீட்டில் கறுப்பு டெலிபோன் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும், எதிர்முனையில் சரியாகக் கேட்கவில்லை என்றால் ரிசீவரைக் கையில் தட்டிவிட்டுப் பேசுவோம். உள்ளே இருக்கும் கரித்தூள் கட்டிப்போனால் தட்டித்தான் உதிர்க்க வேண்டும். குரல் அதிரும்போது கரித்தூள் நெருங்கியும் விலகியும் மின்தடை மாறும். அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். ஆகவே விமான ரேடியோ, மைக் கம்பி வழியாகவே 8 முதல் 16 வோல்ட் வரை டி.சி. மின்னழுத்தம் அனுப்பியது. 1962ல் பெல் ஆய்வுக்கூடத்தில் செஸ்லரும் வெஸ்ட்டும் எலெக்ட்ரெட் மைக்கைக் கண்டுபிடித்தார்கள். அது பிற்பாடு விமானத்துக்கு வந்தபோது ரேடியோவை மாற்றவில்லை. மைக்குக்குப் பின்னால் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையரை வைத்து, கரித்தூளுக்காக வந்துகொண்டிருந்த அதே மின்சாரத்தில் அதை ஓட்டினார்கள். ரேடியோவுக்கு இன்னமும் எதிரே கார்பன் மைக் இருப்பதாகத்தான் நினைப்பு! மாமியார் காலத்து அம்மியைச் சமையலறையில் வைத்துக்கொண்டு அதன்மேல் மிக்ஸியை வைத்த மாதிரி. இந்தப் பிடிவாதத்தால்தான் முப்பத்தைந்து நாற்பது வருஷத்து ஹெட்செட் இன்றைய விமானத்தில் அப்படியே பொருந்துகிறது.

பட்டாளத்துக் கழிவில் வரும் ஹெட்செட்டுகள் வேறு ஜாதி. சிலர் ஆசையாக வாங்கிவிடுகிறார்கள். அவற்றின் மைக் பெரும்பாலும் டைனமிக் வகை, 5 ஓம் அளவுதான். அதற்கு டி.சி. மின்சாரமே தேவையில்லை. சாதாரண விமானத்தில் அப்படியே செருகினால் குரல் போகாது. போதாததற்கு, வருகிற டி.சி. உள்ளே இருக்கும் சுருளை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு நிற்கும். காது பக்கமும் தகராறுதான். சிவில் விமானம் எதிர்பார்ப்பது 150 ஓம், 300 ஓம் மாதிரி. 8 ஓம் ஸ்பீக்கரைக் கொண்டுபோய் மாட்டினால் நமக்கு மட்டும் இல்லாமல், ஒரே ஆம்ப்ளிஃபையரில் இருக்கும் பக்கத்து சீட்காரருக்கும் சத்தம் இறங்கிப்போகும். மைக்கை மாற்றி, காதுக்கு மேட்சிங் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தால் சரியாகும். ஆனால் அந்த ரகத்தை எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது, அலமாரியில் அழகுக்கு வைத்தால் போதாதா என்றுதான்.

பச்சைப் பெட்டிக்கு வருவோம். முதலில் காது மெத்தை. பேப்பர் மாதிரி விறைத்து, விளிம்பில் வெடித்திருந்தது. பலர் இதைச் சொகுசு சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். இரைச்சலைத் தடுப்பதே அந்த மெத்தை தலையோடு ஒட்டுவதுதான். கிண்ணம் எவ்வளவு கனமாக இருந்தாலும் மெத்தையில் ஒரு கீறல் இருந்தால் அதன் வழியே எஞ்சின் உள்ளே வந்துவிடும். தடித்த ஃப்ரேம் கண்ணாடி போட்டிருந்தாலும் இதே கதைதான். நல்ல நிலையில் இருக்கும் பழைய பாணி ஹெட்செட் 23 டெசிபல் அளவுக்கு இரைச்சலைக் குறைக்கும். சின்ன பிஸ்டன் விமானத்தின் காக்பிட் இரைச்சல் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்படியானால் 94க்கு ஒரு மணி நேரம்தான். கமர்ஷியல் லைசென்ஸ் வாங்க இந்தப் பையன் 200 மணி நேரம் பறக்க வேண்டும்.

இதில் நான் கறாராக இருப்பதற்குச் சொந்தக் காரணம் உண்டு. நான் வேலை பார்த்த காலத்தில் ஓடும் எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்பவனைக் கோழை மாதிரி பார்ப்பார்கள். இன்றைக்கு என் ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம். டாக்டர் அதைப் பார்த்தவுடனே, "என்ன வேலை பார்த்தீங்க?" என்றார். வீட்டில் குக்கர் எத்தனை விசில் வந்தது என்று என்னைக் கேட்பதை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன. ஆகவே மெத்தை மட்டும் புதிதாகத்தான் போட வேண்டும், ஒட்டுப் போடுகிற பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டேன். இந்த ரக ஹெட்செட்டுகளின் பெரிய நன்மை, எல்லாப் பாகமும் தனித்தனியாகக் கிடைக்கும் என்பது. திருகாணியைக் கழற்றினால் பிரிந்துவிடும். அமெரிக்காவின் டேவிட் கிளார்க் கம்பெனி பல பத்தாண்டுகளாக அதே பச்சையில், அதே உருவத்தில் செய்துகொண்டிருப்பதைக் கேலி செய்பவர்கள், பழைய மாடலுக்கு இன்னும் மெத்தை கிடைப்பது எதனால் என்று யோசிக்க வேண்டும். இன்றைக்கு வரும் ப்ளூடூத் சமாச்சாரங்களுக்கு முப்பது வருஷம் கழித்துப் பாகம் கிடைக்கும் என்று யாராவது பந்தயம் கட்டுவீர்களா?

அடுத்தது கேபிள். ஹெட்செட் கேபிள் உடைவது எப்போதும் இரண்டு இடங்களில்தான். ப்ளக்குக்குப் பக்கத்தில், இல்லையென்றால் கிண்ணத்துக்குள் நுழையும் இடத்தில். வெளியே ரப்பர் நன்றாக இருக்கும், உள்ளே அறுந்திருக்கும். அசைந்தால் கேட்கும், அசையாவிட்டால் கேட்காது. இந்த வயர் சாதாரணச் செம்புக் கம்பி இல்லை. நூலின் மேல் மெல்லிய செம்புத் தகட்டைச் சுற்றியிருப்பார்கள். காஞ்சிபுரம் பட்டு ஜரிகையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும், அதேதான். ஆயிரக்கணக்கான தடவை வளைந்தாலும் தாங்கும், ஆனால் சால்டரிங் அயர்னை வைத்தால் உள்ளே நூல் கருகி, தகடு சுருண்டுபோகும். நுனியில் மெல்லிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, சட்டென்று ஒரு தொடு, அவ்வளவுதான். கை நடுங்கும் வயசில் இதற்கு மட்டும் எனக்கு நடுங்குவதில்லை, என்ன மாயமோ. ப்ளக்குகளை விமானச் சாமான் விற்பவர்களிடமிருந்து வரவழைத்தோம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடாருக்கு விற்கும் 6.35 மி.மீ. ப்ளக் உள்ளே போகும், ஆனால் நுனியின் வடிவம் சற்று வேறு. மைக் ப்ளக் அங்கே கிடைக்காது.

இன்னொரு விஷயம், பழசு மோனோ, புது விமானம் ஸ்டீரியோ. மோனோ ப்ளக்கை ஸ்டீரியோ ஓட்டையில் செருகினால் வலது பக்கத்து ஒலி தரையோடு ஷார்ட் ஆகும். புது ஆடியோ பேனல்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் என்றாலும் நான் நம்பி விடுவதில்லை. மூன்று தொடர்பு உள்ள ப்ளக்கைப் போட்டு நடு வளையத்தைக் காலியாக விட்டேன். ஹெட்செட்டை விமானத்துக்கு ஏற்ப மாற்றலாம். ஹெட்செட்டுக்காக விமானத்தில் இருக்கும் ஓட்டையிலோ வயரிலோ கை வைக்கக் கூடாது. அது லைசென்ஸ் வாங்கிய இன்ஜினியரின் ராஜ்யம்.

இத்தனையும் ஆன பிறகு பையன் தலையில் மாட்டிப் பார்த்துவிட்டு, "சூப்பர் தாத்தா, நல்லா கேக்குது!" என்றான். நான் கேட்டேன், "உனக்குக் கேக்குது தம்பி. நீ பேசறது மத்தவங்களுக்குக் கேக்குதா?"

ஹெட்செட் பழுது பார்ப்பவர்கள் பெரும்பாலோர் காது பக்கம் சரியானதும் வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள் என்பதுதான் என்னுடைய புகார். வருகிற சத்தம் மோசமாக இருந்தால் போட்டிருப்பவனுக்கு உடனே தெரியும், சரிசெய்துகொள்வான். போகிற குரல் மோசமாக இருந்தால் அவனுக்குத் தெரியவே தெரியாது. தன் குரல் தன் காதுக்குத் திரும்பி வருவது உண்மைதான், ஆனால் தான் என்ன பேசினோம் என்று ஏற்கெனவே தெரிந்தவனுக்கு எல்லாம் தெளிவாகத்தான் கேட்கும். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கடைசி நேரத்தில் டவரும் மற்ற விமானமும் ஒரே சமயத்தில் பேசியதால், கிளம்பிய விமானத்தின் காக்பிட்டில் கேட்டது ஒரு கீச்சொலி. அங்கே ஹெட்செட் பழுதாகவில்லை, காரணங்கள் பல. ஆனாலும் ஒரு வாக்கியம் தெளிவாகக் காதில் விழாவிட்டால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

அதனால் மைக்குக்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன். எலெக்ட்ரெட் மைக் சூட்டிலும் ஈரத்திலும் வருஷக்கணக்கில் கிடந்தால் வலு குறையும். மேசையில் 9 வோல்ட் பேட்டரியும் 470 ஓம் ரெசிஸ்டரும் வைத்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். குரல் பாதிகூட வரவில்லை. "ரிச்சி ஸ்ட்ரீட்ல பத்து ரூபாய்க்கு மைக் கேப்ஸ்யூல் கிடைக்குமே சார்" என்றார் அவன் அப்பா. கிடைக்கும். வேலையும் செய்யும். ஆனால் அது எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் பாரபட்சம் இல்லாமல் வாங்கும். விமான மைக்குக்கு முன்னும் பின்னும் துளை இருக்கும். எஞ்சின் இரைச்சல் இரண்டு துளைக்கும் ஒரே அளவில் போய் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். உதட்டுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் பக்கத்தில் மட்டும் குரல் அதிகமாகப் போகும். காற்று அடிக்கிறது என்று பின்பக்கத் துளையில் டேப் ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதோடு அந்த மைக்கின் கதை முடிந்தது. முழு மைக் பகுதியையும், விமானத்துக்கென்று செய்ததையே, வாங்கிப் போட்டோம். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அதற்குத்தான்.

புது விமானத்தில் மைக் இன்னும் முக்கியம். அந்தக் காலத்தில் பட்டனை அழுத்தினால்தான் மைக் உயிர் பெறும். இப்போது இன்டர்காம் குரல் கேட்டவுடன் தானாகத் திறக்கும். இரைச்சல் பிடிக்கும் மைக்காக இருந்தால் திறந்த கதவு மூடாது, எஞ்சின் சத்தம் எல்லார் காதிலும் கொட்டும். பலவீனமான மைக்காக இருந்தால் கதவு தாமதமாகத் திறக்கும், முதல் சொல் போய்விடும். பயிற்சி விமானத்தில் இரண்டு பேருக்கும் முன்னால் ஸ்டியரிங் இருக்கிறது. "ஐ ஹேவ் கன்ட்ரோல்", "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லித்தான் கை மாற்றிக்கொள்வார்கள். இரண்டு வாக்கியத்துக்கும் வித்தியாசமே முதல் சொல்தான். தரையிறங்கும்போது அந்த ஒரு சொல் விழுங்கப்பட்டால், இருவரும் பிடித்திருப்பார்கள், அல்லது இருவருமே பிடித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே பையனிடம் சொல்லி அனுப்பினேன். தரையில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது ரேடியோ செக் கேட்டு "ஃபைவ்" வாங்கிவிட்டுச் சந்தோஷப்படாதே. ஒன்று என்றால் புரியவே இல்லை, மூன்று என்றால் சிரமப்பட்டுப் புரிகிறது, ஐந்து என்றால் முழுத் தெளிவு என்பது உலகம் முழுக்க ஒரே கணக்கு. முழு வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது கேள், பக்கத்து சீட்டில் இருப்பவரையும் கேள். முதல் நாள் ஏறும்போது "த்ரீ" என்று பதில் வந்ததாம். மைக்கை எங்கே வைத்திருந்தாய் என்றேன். தாடைக்குக் கீழே, சினிமாவில் வருகிற மாதிரி! உதட்டோரத்தில் 3 முதல் 6 மி.மீ. தூரத்தில் வைக்கச் சொன்னேன். மறுநாள் "ஃபைவ்".

மேலே சொன்ன ‘உயிர் விஷயம்’ கட்சிக்கு இப்போது பதில். செஸ்னா 172 முதலில் பறந்தது 1955ல். பயிற்சிப் பள்ளிகளில் இன்றும் அந்த வம்சம்தான். அவற்றில் சில, ஓட்டுகிற மாணவனின் அப்பாவைவிட மூத்தவை. எஞ்சினை 2000 மணி நேர அளவில் இறக்கிப் பிரித்து மறுபடி பூட்டுகிறார்கள். பழுது பார்த்த விமானத்தில், பழுது பார்த்த எஞ்சினை நம்பி ஏறுகிற நாம், அதில் செருகும் ஹெட்செட் மட்டும் புத்தம் புதிதாக இருக்க வேண்டும் என்பதில் என்ன தர்க்கம்? அங்கே எதை மாற்ற வேண்டும், எதைச் சோதிக்க வேண்டும் என்று எழுதிவைத்துச் செய்கிறார்கள். இங்கேயும் அப்படிச் செய்யச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. பட்டை விரிசல் விட்டிருந்தால் வேண்டாம். மின்னணு இரைச்சல் அடக்கியின் போர்டு போயிருந்தால், அதைச் செய்தவர்களிடமே அனுப்புங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நாளைக்கு அவன் ஏர்லைனுக்குப் போனால் இந்தப் பச்சைப் பெட்டி கூடவே போக முடியாது. அங்கே கம்பெனி ஒப்புக்கொண்ட மாடல்தான், ஏர்பஸ்ஸில் ப்ளக்கே வேறு, ஐந்து பின். புது வகையின் மேல் எனக்குக் கோபமும் இல்லை. 2400 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினும் இரண்டு இறக்கை ப்ரொப்பெல்லரும் சேர்ந்து 80 ஹெர்ட்ஸில் முழங்கும். அந்த அடித்தொண்டைச் சத்தத்தைக் கனமான கிண்ணத்தால் அவ்வளவாகத் தடுக்க முடியாது, மின்னணு முறை நன்றாகவே அடக்கும். 1986ல் நிற்காமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானிகள் போஸின் முன்மாதிரி ஹெட்செட்டோடுதான் போனார்கள். ஒன்பது நாள் உட்காருகிறவனுக்கு அது தேவை. ஒரு மணி நேரம் சர்க்யூட் அடிக்கிறவனுக்கு அவசரம் இல்லை.

பையனின் அப்பாவுக்கு இன்னும் அரைமனசுதான். கூடப் படிக்கும் எல்லாரிடமும் புதிது இருக்கிறதே என்று போன வாரமும் லிஃப்டில் ஆரம்பித்தார். அந்த லட்சத்துக்கு எத்தனை மணி நேரம் பறக்கலாம் என்று கணக்குப் போடச் சொன்னேன். ஐந்தாறு மணி நேரம் வருகிறது என்றார். பையன் இப்போது தனியாகப் பறக்கத் தொடங்கிவிட்டான். அவன் பையில் ஒரு ஜோடி காது மெத்தையும் ஒரு மைக் பஞ்சு உறையும் உபரியாகப் போட்டு வைத்திருக்கிறேன்.